யானைக்கு எதுக்கு ரோஸ் கலர்?

டிசம்பர் பிறந்தாலே வீட்டுக்கு ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் புத்தகப் பையை மூலையில் போட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்குகிறது. காலையில் லேசான பனி. இரண்டு நாள்தான் எல்லாம் ஜோராகப் போகும். மூன்றாவது நாள் ஆரம்பிக்கும் பாருங்கள், "அம்மா, போரடிக்குது!"

இந்தப் போரடிப்புக்கு இப்போது பல வீடுகளில் ஒரு புது மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். மிருக பிஸ்கெட்! கரடி, மான், பென்குயின், யானை என்று விதவிதமான கட்டர்கள் கடைகளில் செட்டாகக் கிடைக்கின்றன. மேஜை மேல் வைக்கிற சின்ன ஓவன் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. மாவைப் பிசைந்து, வெட்டி, சுட்டு, மேலே கலர் கலராக ஐசிங் பூசி, போட்டோ எடுத்து, அக்கம்பக்கத்துக்கும் ஒரு டப்பா அனுப்பினால் லீவு அமர்க்களமாகப் போகும்.

நல்ல பழக்கம்தான். கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடுகளில் கல்கலும் அச்சு முறுக்கும் செய்யும்போது வீடே ஒன்றாக உட்காருமே, அந்தச் சந்தோஷம் எல்லா வீட்டுக்கும் வரட்டும். நான் அதற்கு எதிரி இல்லை. எனக்கு இருப்பது இரண்டே இரண்டு ஆட்சேபணைகள். ஒன்று, அந்தப் பளபள கலர். இன்னொன்று, பிஸ்கெட்டை அம்மா செய்ய, குழந்தை வேடிக்கை பார்ப்பது. இந்த இரண்டையும் எடுத்துவிட்டால், இதைவிட நல்ல லீவு விளையாட்டு கிடையாது என்பதுதான் என் கட்சி.

எங்கிருந்து வந்தது?

மிருக பிஸ்கெட் குளிர் நாடுகளின் சொத்து. வெளியே பனி கொட்டும், பிள்ளைகள் வெளியே போக முடியாது, அடுப்பைச் சுற்றித்தான் வாழ்க்கை. ரஷ்யாவின் வடக்குக் கோடியில், வெண்கடல் ஓரம் ஆர்க்காங்கெல்ஸ்க் என்று ஓர் ஊர். அங்கே கிறிஸ்துமஸுக்கு 'கோசுலி' என்ற பலகாரம் செய்வார்கள். ஆடு, மான், பறவை என்று மிருக வடிவங்கள். பழைய வகை, கம்பு மாதிரிக் கறுத்த ரை மாவில் கையாலேயே பிடித்துச் செய்தது. வெள்ளையும் ரோஸுமாகச் சர்க்கரைக் கோலம் போடுவது பின்னால் வந்த நாகரிகம்.

ஜெர்மனியின் தென்பகுதியில் 'ஸ்பிரிங்கர்லே' செய்வார்கள். மரத்தில் செதுக்கிய அச்சை மாவில் அழுத்தினால் குதிரையும் மானும் பறவையும் மேலே எழும்பி நிற்கும். சுட்ட பிறகும் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும். சுவீடன் நாட்டுக் கிறிஸ்துமஸ் இஞ்சி பிஸ்கெட்டில் பன்றி வடிவம் ரொம்பப் பிரபலம். மெல்லிசாக, பழுப்பாக, இஞ்சியும் பட்டையும் மணக்க இருக்கும். அமெரிக்காவில் 1902-ல் ஒரு பிஸ்கெட் கம்பெனி, சர்க்கஸ் மிருகங்களை பிஸ்கெட்டாக்கிச் சின்ன அட்டைப் பெட்டியில் போட்டு விற்றது. பெட்டிக்கு ஒரு கயிறும் உண்டு. எதற்கு? கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டி வைக்க! விலை 5 சென்ட். பெட்டிதான் கலர், உள்ளே இருந்த சிங்கமும் யானையும் வெறும் பிஸ்கெட் நிறம். குழந்தைகள் வேண்டாம் என்றா சொன்னார்கள்? 100 வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம்ம வீட்டுத் தோசைக்கல்லையே பாருங்கள். சாப்பிட அடம் பிடிக்கிற பிள்ளைக்குக் கரண்டியால் இரண்டு காது இழுத்துப் 'பூனை தோசை' வார்க்காத அம்மா உண்டா? அந்தத் தோசைக்கு யாராவது ரோஸ் கலர் ஊற்றினோமா? இல்லையே! காது இருந்தது, வால் இருந்தது, குழந்தை பூனை என்று நம்பிவிட்டது. மிருகத்தைக் காட்டுவது வடிவம். வண்ணம் இல்லை.

கலர் பாட்டிலைத் திறக்கும் முன்...

"கடையில் விக்கிறாங்க, 'அனுமதிக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கு. அப்புறம் என்ன பயம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அனுமதி என்பது அளவோடு சேர்ந்தது. நம் நாட்டு உணவுச் சட்டத்தில் பிஸ்கெட், கேக் வகைகளுக்குச் செயற்கை நிறம் பொதுவாக 1 கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைதான். அப்படியென்றால் 100 கிராம் ஐசிங்குக்கு 10 மில்லிகிராம். பாட்டிலில் இருப்பது நீர்த்த நிறம்தான். ஆனால் எத்தனை துளியில் 10 மில்லிகிராம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா? எந்த ஸ்பூனால் அளப்பது? "இன்னும் கொஞ்சம் சிவப்பா இருக்கட்டும்மா" என்று குழந்தை சொன்னதும் நம் கை இன்னும் நாலு துளி விடும். தொழிற்சாலையில் அளந்து போடுவதை நாம் கண் அளவில் போடுகிறோம்.

இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 3 வயதுக் குழந்தைகளுக்கும் 8, 9 வயதுக் குழந்தைகளுக்கும் செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்து, 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். சில குழந்தைகளிடம் துறுதுறுப்பும் கவனச் சிதறலும் கூடியது என்பது அவர்கள் கண்டது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி இல்லை. கலர்தான் நோயைக் கொண்டுவருகிறது என்றும் அவர்கள் சொல்லவில்லை. ஆனாலும் 2010 ஜூலை முதல் ஐரோப்பிய நாடுகளில் 6 நிறங்களுக்கு, 'குழந்தைகளின் சுறுசுறுப்பையும் கவனத்தையும் பாதிக்கலாம்' என்ற எச்சரிக்கை வாசகம் கட்டாயமாகிவிட்டது.

அந்த ஆறில் நாலு, நம்ம நாட்டு அனுமதிப் பட்டியலில் இடம்பெற்றவை: டார்ட்ரஸின், சன்செட் யெல்லோ, கார்மோயிசின், பான்சோ 4ஆர். லேபிளில் 102, 110, 122, 124 என்ற எண்கள் இருந்தால் இவைதான். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பெயரும் எண்ணும் இல்லாமல், காகிதப் பொட்டலத்தில் லூஸாக விற்கிற கலர் பொடியென்றால் திரும்பியே பார்க்காதீர்கள். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்தது தெரிந்து, தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்ததே, நினைவிருக்கிறதா? குழந்தையின் கண்ணைப் பறித்த அந்த ரோஸ், துணிக்குப் போடுகிற ரோஸ்!

பிஸ்கெட் மேல் பதிக்கிற பளபள வெள்ளி மணிகளும் அப்படித்தான். அமெரிக்காவில் அவற்றை அலங்காரத்துக்கு மட்டும், சாப்பிட அல்ல என்றே கணக்கில் வைத்திருக்கிறார்கள். சின்னக் குழந்தையின் தொண்டையில் சிக்கவும் வாய்ப்புண்டு. கரடிக்குக் கண் வைக்க அது எதற்கு? ஒரு உலர்ந்த திராட்சை போதுமே!

ஐசிங் கணக்கு

இப்போது சர்க்கரைக்கு வருவோம். 200 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 70 கிராம் பொடித்த சர்க்கரை. இதில் சுமார் 24 பிஸ்கெட் வரும். ஒரு பிஸ்கெட்டில் சர்க்கரை 3 கிராம்கூட வராது. ரொம்பச் சாது.

ஆனால் அதே பிஸ்கெட்டை முழுசாக மூடுகிற மாதிரி ஐசிங் பூசினால்? உள்ளங்கையில் பாதி அகலமுள்ள பிஸ்கெட்டுக்கே சுமார் 10 கிராம் சர்க்கரை மேலே ஏறிவிடும். 3 கிராம் 13 கிராம் ஆகிறது. இரண்டு பிஸ்கெட் தின்றால் 26 கிராம். பால், பழத்தில் இயற்கையாக இருப்பது போக, நாம் சேர்க்கும் சர்க்கரையைப் பெரியவர்களே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது 6 டீஸ்பூனுக்குள் நிறுத்தினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. நம்ம 6 வயசு வாண்டு அதை இரண்டே பிஸ்கெட்டில் முடித்துவிடும். காலையில் குடித்த பால், மத்தியானம் சாப்பிட்ட கேக், சாயந்திரம் குடித்த ஜூஸ் எல்லாம் தனிக் கணக்கு!

அதோடு ஐசிங் பல்லில் ஒட்டும். படுக்கப்போகும் நேரத்தில் தின்றுவிட்டு அப்படியே தூங்கினால் பல் டாக்டருக்குத்தான் வேலை. வீட்டில் சர்க்கரை நோய் உள்ள தாத்தா, பாட்டி இருப்பார்கள். "பேத்தி செஞ்சது, ஒண்ணே ஒண்ணு" என்று அவர்கள் கை நீளும். பூசாத பிஸ்கெட்டாக இருந்தால் பாதியைப் பிட்டுக் கொடுக்கலாம். மூடிப் பூசியது என்றால் மனசு கேட்காமல் மறுக்கத்தான் வேண்டியிருக்கும்.

"வருஷத்துக்கு ஒரு நாள்தானே! விடுங்களேன்" என்று ஒரு குரல் கேட்கிறது. சரி, ஒரு நாள்தான் என்றால் நானும் விட்டுவிடுவேன். ஆனால் டிசம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் கேக், அதற்கு ஒரு வாரத்தில் புது வருஷ கேக், அடுத்த பதினைந்து நாளில் சர்க்கரைப் பொங்கல், நடுவில் யாராவது ஒருவர் வீட்டுப் பிறந்த நாள். அந்த 'ஒரு நாள்' வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. நான் இனிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. எந்த இனிப்பைக் குறைத்தால் சந்தோஷம் குறையாதோ, அதைக் குறைப்போமே என்கிறேன்.

கலர் இல்லாமல் மிருகமா?

தாராளமாக! மாவு ஈரமாக இருக்கும்போதே அலங்காரத்தை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். மேலே சொன்ன அளவில் மாவு, வெண்ணெய், சர்க்கரையோடு ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய்ப் பொடியோ சுக்குப் பொடியோ சேருங்கள். ஒன்று இரண்டு ஸ்பூன் பால் தெளித்து, அழுத்திப் பிசையாமல் திரட்டுங்கள். நம்ம ஊர் வெக்கையில் வெண்ணெய் உடனே இளகிவிடும். அதனால் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். கட்டர் செட் இல்லையா? எவர்சில்வர் டம்ளரும் பாட்டில் மூடியும் போதும். பெரிய வட்டம் ஒன்று, மேலே சின்ன வட்டம் இரண்டு. கரடி ரெடி!

பல்குத்தும் குச்சியால் மூன்று மூன்று கோடு கீறினால் பூனை மீசை. முள்கரண்டியை வரிசையாக அழுத்தினால் மீன் செதில். கத்தியின் பின்புறத்தால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டால் ஆமை ஓடு. மேலே உலர்ந்த தேங்காய்த் துருவலைத் தூவினால் ஆட்டுக்குட்டி. சீவிய பாதாமை அடுக்கினால் ஆந்தையின் இறக்கை. கறுப்பு எள்ளும் திராட்சையும் கண்ணுக்கு. திராட்சையை நன்றாக அழுத்திவிடுங்கள், மேலே நின்றால் கருகிவிடும். கிராம்பைக் கண்ணாக வைக்க வேண்டாம், குழந்தை கடித்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது முள்ளெலி. மாவை எலுமிச்சை அளவு உருட்டி, ஒரு முனையை மூக்காகக் கூர்மையாக்கி, முதுகு முழுக்கக் கத்தரிக்கோல் நுனியால் குட்டி குட்டியாக வெட்டிவிட்டால் முள் முள்ளாக நிமிர்ந்து நிற்கும். உருண்டை கனம் என்பதால் வேக இன்னும் சில நிமிஷம் பிடிக்கும். முள்ளெலி வெளிநாட்டுப் பிராணி என்று நினைக்காதீர்கள். நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வறண்ட காட்டில் இருக்கிற ஜீவன் அது. சுட்டுக்கொண்டே சொல்லிக் கொடுக்கலாம்.

பென்குயினும் துருவ மானும்தான் செய்ய வேண்டுமா என்ன? இந்த மாதங்களில்தான் வேடந்தாங்கலுக்கு நாரையும் கூழைக்கடாவும் வாத்தும் வந்து இறங்குகின்றன. லீவில் ஒரு நாள் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு, மறுநாள் அதையே பிஸ்கெட்டாக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு யோசனை: நிற்கிற நாரையைச் செய்தால் குச்சிக் கால் இரண்டும் முறிந்துவிடும். உட்கார்ந்த நாரையாகச் செய்யச் சொல்லுங்கள்!

வெட்டிய பிஸ்கெட்டை மறுபடி பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்தால் வடிவம் கலையாது. 170 டிகிரி செல்சியஸில் சுடுங்கள். 12 நிமிஷத்திலிருந்து ஒரு கண் அங்கேயே இருக்கட்டும். மெல்லிசான காதும் வாலும்தான் முதலில் கருகும். அதனால் சின்ன மிருகங்களை ஒரு தட்டிலும் பெரியவற்றை ஒரு தட்டிலும் தனித்தனியாகச் சுட வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் போடாமல், மேலே தட்டை வைத்துச் சிறு தீயில் சுடலாம். நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

"கொஞ்சமாவது கலர் வேணும்" என்று குழந்தை அழுதால்? ஐசிங் சர்க்கரையில் நாலு துளி பீட்ரூட் சாறு விடுங்கள், அழகான ரோஸ். ஒரு சிட்டிகை மஞ்சள் தூள், மஞ்சள். கோகோ, பழுப்பு. பீட்ரூட்டை மாவில் கலந்து சுட்டால் நிறம் மங்கிவிடும், அதனால் ஆறிய பிறகு மேலே போட வேண்டும். மூடிப் பூசாமல், கோலம் போடுகிற மாதிரி ஒரு கோடு, ஒரு புள்ளி. ஒரு பிஸ்கெட்டுக்கு ஒரு கிராம் சர்க்கரைகூட ஆகாது.

பச்சை மாவு வாய்க்குப் போக வேண்டாம்

பிசைந்த மாவைக் கிள்ளி வாயில் போடுவது எல்லாக் குழந்தைகளும் செய்கிற வேலை. இதை மட்டும் அன்பாக, ஆனால் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். மாவு என்பது வேகாத தானியம். அதில் கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 2009-ல் சுடாத குக்கீ மாவைத் தின்றதால் 70-க்கும் மேற்பட்டவர்கள் ஈ.கோலை தொற்றால் பாதிக்கப்பட்டார்கள். முட்டைதான் காரணமாக இருக்கும் என்று பலரும் நினைக்க, ஆராய்ந்தவர்கள் கடைசியில் சந்தேகப்பட்டது மாவைத்தான். பச்சை முட்டை வெள்ளைக்கருவில் அடிக்கிற ஐசிங்கும் வேண்டாம். பால் அல்லது எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்தாலே போதும். மாவைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

இரண்டு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இந்த இனிப்பு தேவையே இல்லை. ஐந்து வயசு வரை முழு நிலக்கடலை, முழு பாதாம் வைக்காதீர்கள். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும்போது, கொட்டைப் பருப்போ கோதுமையோ ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த வீட்டில் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இது யார் செய்த யானை?

இனி என் இரண்டாவது ஆட்சேபணை. பல வீடுகளில் நடப்பது என்ன? முதல் பிஸ்கெட்டைக் குழந்தை வெட்டும். காது கோணலாகும். "குடு, நீ கெடுத்துருவே" என்று அம்மா வாங்கிக்கொள்வார். பிறகு ராத்திரி பதினோரு மணி வரை அம்மா ஒருவரே முதுகு வலிக்க வலிக்க ஐசிங் போடுவார். குழந்தை டி.வி. முன்னால். அப்பா, "போட்டோ நல்லா வந்திருக்கு" என்பார். சொல்லுங்கள், இதில் லீவு யாருக்கு?

மாவைத் தேய்க்கும்போது குழந்தையின் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை. அளக்கும்போது கணக்கு. சுடும் வரை காத்திருப்பது பொறுமை. கோணலாக வந்த காதை 'இது தூங்குற யானை' என்று சமாளிப்பது கற்பனை. இதெல்லாம் அம்மா கையில் நடந்தால் குழந்தைக்கு மிஞ்சுவது சர்க்கரை மட்டும்தான்! நாலு வயசுக் குழந்தை அழுத்தட்டும், ஏழு வயசுப் பிள்ளை அளந்து தேய்க்கட்டும், சூடான ஓவனும் கத்தியும் மட்டும் பெரியவர்கள் பொறுப்பு. பெண் குழந்தை மட்டுமில்லை, பையனும் உட்காரட்டும். அப்பாவும்தான். தட்டுகளைக் கழுவி வைக்கிற வேலையும் விளையாட்டில் சேர்த்திதான்!

இன்னொன்றும் கவனியுங்கள். தானே செய்த பொருளைக் குழந்தை அவுக் அவுக்கென்று விழுங்காது. முதலில் பார்க்கும், பேர் வைக்கும், தம்பிக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று என்று எடுத்து வைக்கும். வாலை மட்டும் கடித்துவிட்டு மிச்சத்தை நாளைக்கு என்று டப்பாவில் மூடும்.

அதனால் இந்த லீவில் மாவைப் பிசையுங்கள், கட்டரை எடுத்துக் கொடுங்கள், கலர் பாட்டிலைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். யானை பழுப்பாக இருக்கட்டும், காது கோணலாக இருக்கட்டும். ஆனால் அது உங்கள் குழந்தை செய்த யானையாக இருக்கட்டும். என்ன, சரிதானே?